கொடுத்தவர் கணக்கும் பெற்றவர் பிழைப்பும்

மன்னர்களும் பிரபுக்களும் கலைஞர்களை வைத்துக் காப்பாற்றிய காலத்தில்தான் பெருங்கலைகள் பிறந்தன என்றும், அப்படிப்பட்ட புரவலர்கள் மறைந்த பிறகு கலை வெறும் சந்தைச் சரக்காகிவிட்டது என்றும் பலர் சொல்கிறார்கள். உலக வரலாறு இதை ஒப்புக்கொள்கிறதா என்பதே இங்கே கேட்கப்பட்ட கேள்வி. பாதியளவுக்குத்தான் ஒப்புக்கொள்கிறது என்பது என் பதில். புரவலர் என்றால் அள்ளிக் கொடுத்தவர், கலைஞர் என்றால் கையேந்திப் பெற்றவர் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டுதான் பெரும்பாலும் இந்தக் கேள்வியை எழுப்புகிறோம். ஆனால் இன்றுவரை அழியாமல் கிடைத்திருக்கும் ஒப்பந்தங்களையும் கடிதங்களையும் கணக்குகளையும் படித்தால், ஒருவர் எவ்வளவு கொடுத்தார் என்பதைவிட, அதை எந்த வடிவில் கொடுத்தார், இடையில் வரும் நட்டத்தை யார் தலையில் கட்டினார் என்பதுதான் கலைஞரின் வாழ்க்கையையும், பல வேளைகளில் அவருடைய படைப்பின் வகையையுமே முடிவு செய்திருப்பது தெரியவருகிறது.

மறுமலர்ச்சிக் காலப் புளோரன்சிலிருந்து ஒரு காகிதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கிர்லாந்தையோ என்னும் ஓவியர், அந்நகரத்தின் ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்தின் பீடத்திற்காக, குழந்தை இயேசுவை ஞானிகள் வணங்கும் காட்சியை வரைந்து தர 1485 அக்டோபர் 23 அன்று ஒப்புக்கொண்டார். விலை 115 பெரிய புளோரின் (அந்நகரத்துப் பொற்காசு). தவணை மாதம் 3 புளோரின். முடிக்க வேண்டிய காலம் 30 மாதம். தவறினால் 15 புளோரின் தண்டம். வண்ணங்களை ஓவியரே தம் செலவில் வாங்க வேண்டும் என்பதோடு, நீல வண்ணம் அவுன்சுக்கு 4 புளோரின் மதிப்புள்ளதாக இருக்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறது. அந்த நீலம் ஆப்கானிஸ்தானத்துப் படக்சான் மலைகளில் வெட்டியெடுத்த லாபிஸ் லாசுலி கல்லை அரைத்துச் செய்தது. மட்டமான நீலத்தைப் பூசி ஏமாற்றிவிடுவார்களோ என்ற பயம் பணம் கொடுத்தவருக்கு இருந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, வேலை முடிந்த பின் அது அந்த விலைக்குத் தகுதியானதுதானா என்று ஒப்பந்தத்தை எழுதிய துறவி பிரா பெர்னார்தோவே தீர்மானிப்பார், தகாது என்று பட்டால் தமக்குச் சரியென்று தோன்றும் அளவு குறைத்துக் கொடுப்பார் என்றும் ஒரு நிபந்தனை உண்டு. வீடு கட்டும் கொத்தனாரிடம் எழுதி வாங்கும் ஒப்பந்தத்துக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. இந்தக் கறாருக்கு நடுவே வரையப்பட்ட ஓவியம் 1488ஆம் ஆண்டைத் தாங்கி நிற்கிறது. அந்த நூற்றாண்டின் அழகிய பீட ஓவியங்களில் ஒன்று அது.

இதற்கு 40 ஆண்டுகள் முன்பே, 1445இல், பியரோ தெல்லா பிரான்செஸ்கா எழுதிக்கொடுத்த ஒப்பந்தத்தில், அவரைத் தவிர வேறு எந்த ஓவியரும் தூரிகையைத் தொடக்கூடாது என்று ஒரு வரி வருகிறது. ஒருவர் தங்கத்துக்கும் நீலத்துக்கும் பணம் கொடுக்கிறார், மற்றொருவர் ஒரு குறிப்பிட்ட மனிதரின் கைக்குப் பணம் கொடுக்கிறார். ஓவியர் கைவினைஞர் என்ற நிலையிலிருந்து கலைஞர் என்ற நிலைக்கு உயர்ந்த கதையை இத்தகைய வரிகளில்தான் நான் பார்க்கிறேன்.

புளோரன்ஸ் என்றதும் மெடிசி குடும்பம் நினைவுக்கு வரும். ஆனால் அந்நகரத்தின் புகழ்பெற்ற திருமுழுக்குக் கோயிலின் வெண்கலக் கதவுகளுக்காக 1401இல் போட்டி நடத்தியது துணி வணிகர்களின் காலிமாலா சங்கம். போட்டியின் கடைசிக் கட்டத்தில் நின்ற கிபெர்த்தியும் புருனெலெஸ்கியும் செய்த மாதிரித் தகடுகள் இரண்டையும் இன்றும் பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். மெடிசிகளின் கதை வேறு. வட்டித் தொழிலில் வளர்ந்த வங்கிக் குடும்பம் அது. வட்டி வாங்குவது பாவம் என்று திருச்சபை போதித்த காலம். கோசிமோ தே மெடிசி தம் செல்வத்தைப் பற்றி மனம் உறுத்தியபோது, சான் மார்க்கோ மடத்தைப் புதுப்பிக்க 10,000 புளோரின் செலவிடும்படி போப் நான்காம் யூஜின் யோசனை சொன்னதாக அக்காலத்தவர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். பிரா ஆஞ்செலிக்கோவின் சுவரோவியங்கள் அந்த மடத்தின் அறைகளில்தான் இருக்கின்றன. கோசிமோவின் பேரன் லோரென்சோ, 1434 முதல் 1471 வரை குடும்பம் 6,63,755 புளோரின் செலவிட்டதாகக் குறித்துவைத்தார். கட்டடமும் தருமமும் வரியும் சேர்த்து ஒரே தொகை! கலைக்குக் கொடுத்ததைத் தனித் தலைப்பாக எழுத வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. ஊரில் பெயர் நிலைக்கவும் மறுமையில் கணக்குத் தீரவும் கொடுத்த விலையாகவே அவர் அதைப் பார்த்திருக்கிறார்.

இதுவரை சொன்னவை ஒரு வேலைக்கு ஒரு கூலி என்ற முறை. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே ஓவியர் எப்படிச் சாப்பிட்டார் என்பது புரவலரின் கவலை அல்ல. மாதச் சம்பளம் என்ற முறையில் என்ன நடந்தது என்பதைப் பார்க்க, இசையமைப்பாளர் ஜோசப் ஹைடனைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

வண்டிச் சக்கரம் செய்யும் தொழிலாளியின் மகனான ஹைடன், 29ஆம் வயதில், 1761 மே 1 அன்று, ஹங்கேரியின் பெருஞ்செல்வக் குடும்பமான எஸ்டர்ஹாசி இளவரசரிடம் துணை இசைத் தலைவராகச் சேர்ந்தார். ஆண்டுச் சம்பளம் 400 புளோரின் (இது ஆஸ்திரிய நாணயம், புளோரன்சின் பொற்காசு அல்ல). அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தம் முழுமையாகக் கிடைக்கிறது. வெள்ளைக் காலுறை, வெள்ளைச் சட்டை, மாவு பூசிய தலைமயிர் ஆகியவற்றோடு வர வேண்டும். தினமும் முற்பகலிலும் பிற்பகலிலும் முன்னறையில் காத்திருந்து, இன்று கச்சேரி உண்டா என்று கேட்டறிய வேண்டும். இசைக்கருவிகளைப் பராமரிக்க வேண்டும். வாத்தியக்காரர்களுக்குள் சண்டை வந்தால் தீர்த்துவைக்க வேண்டும். மிகக் கடுமையான நிபந்தனை இனிமேல்தான் வருகிறது. இளவரசர் கட்டளையிடுவதை எல்லாம் இசையமைக்க வேண்டும், அவற்றை வேறு எவருக்கும் கொடுக்கக்கூடாது, படியெடுக்க விடக்கூடாது, முன்னனுமதியின்றி வெளியாருக்கு எதையும் இசையமைக்கக்கூடாது. இன்றைய சொல்லில், பதிப்புரிமை முழுவதும் முதலாளிக்கே.

அடுத்து வந்த இளவரசர் நிக்கோலாசுக்கு பாரிடோன் என்ற அரிய நரம்புக் கருவியை வாசிப்பதில் பித்து. 1765இல், பாரிடோனுக்கு இன்னும் நிறைய எழுதும்படி ஹைடன் கண்டிப்பான ஆணையைப் பெற்றார். அந்தக் கருவிக்காக அவர் எழுதிக் குவித்த மூவர் இசை மட்டும் நூற்றிருபதைத் தாண்டும். அக்கருவியே வழக்கொழிந்ததால் அவற்றை இன்று வாசிப்பவர்கள் மிகச் சிலர். புரவலரின் ஆசை படைப்பாளியின் உழைப்பைத் தின்றதற்கு இதைவிட வெளிப்படையான உதாரணம் வேண்டியதில்லை.

ஆனால் அதே ஹைடன் முதுமையில் தம் வரலாற்றை எழுதியவரிடம் சொன்னது வேறு. இளவரசர் தம் படைப்புகளில் மனநிறைவு கொண்டார் என்றும், ஓர் இசைக்குழு முழுவதும் தம் கையில் இருந்ததால் எது எடுபடுகிறது எது எடுபடவில்லை என்று சோதித்துப் பார்க்க முடிந்தது என்றும், உலகத்திலிருந்து ஒதுங்கிக் கிடந்ததால் தாம் தனித்தன்மை கொண்டவராக ஆகாமல் வேறு வழி இருக்கவில்லை என்றும் அவர் கூறினார். ஆண்டுக்கணக்கில் சம்பளம் வாங்கும் குழுவினர் காலையில் எழுதியதை மாலையில் வாசித்துக் காட்டுவார்கள். தோற்றுப்போன சோதனைக்கும் சம்பளம் நிற்காது. நட்டம் முழுவதும் இளவரசருடையது. ஹைடனின் சிம்பனிகள் நூற்றுக்கும் மேல் என்பதையும், அவற்றில் எத்தனை விதமான விளையாட்டுகள் இருக்கின்றன என்பதையும் நினைத்தால், அந்த வெள்ளைக் காலுறைக்குள் இருந்த சுதந்திரத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. 1772இல், கோடை கடந்தும் இளவரசர் ஊர் திரும்பாமல், வாத்தியக்காரர்கள் தம் குடும்பங்களைப் பிரிந்து வாடியபோது, ஹைடன் ஒரு சிம்பனியின் கடைசிப் பகுதியில் ஒவ்வொருவராக வாசிப்பை முடித்து, மெழுகுவத்தியை அணைத்து எழுந்து போகும்படி எழுதினார். இளவரசருக்குப் புரிந்தது. மனு எழுதிக் கொடுக்கத் துணியாத இடத்தில் சிம்பனி எழுதிக் கொடுக்க முடிந்திருக்கிறது.

1779இல் புதுப்பித்த ஒப்பந்தத்தில் அந்தப் பதிப்புரிமை நிபந்தனை இல்லை. அதன் பிறகு அவர் வியன்னாவின் ஆர்த்தாரியா பதிப்பகத்துக்கு இசையை விற்றார். பாரிசின் இசைக் கழகம் ஒன்றுக்காக ஆறு சிம்பனிகள் எழுதினார். 1790இல் நிக்கோலாஸ் இறந்தபோது புதிய இளவரசர் இசைக்குழுவைக் கலைத்தார். ஹைடன் ஓய்வூதியத்தோடு லண்டன் சென்றார். 1795 மே மாதத்தில் அங்கு ஒரே இரவுக் கச்சேரியில் அவர் ஈட்டியது 4,000 புளோரின். தொடக்கச் சம்பளக் கணக்கில் பத்தாண்டு ஊதியம் அது! இது இங்கிலாந்தில் மட்டும்தான் நடக்கும் என்று அவரே தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். இருபத்தொன்பதில் கிடைத்த பாதுகாப்பும் அறுபதில் கிடைத்த சந்தையும் ஒருவருக்கே முறையாக வாய்த்தது ஓர் அதிர்ஷ்டம். வரிசை மாறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு மோட்சார்ட் இருக்கிறார்.

சால்ஸ்பர்க் பேராயர் கொலொரேடோவிடம் மோட்சார்ட்டுக்கு ஆண்டுக்கு 450 புளோரின். 1781இல் வியன்னாவுக்கு அழைத்துவரப்பட்டபோது சாப்பாட்டு மேசையில் பணியாட்களோடும் சமையல்காரர்களோடும் உட்கார வைத்தார்கள். சமையல்காரர்களுக்கு மேலிடத்தில் உட்காரும் பெருமையாவது கிடைத்ததே என்று தந்தைக்குக் கசப்போடு எழுதினார். தனிக் கச்சேரி நடத்தவும் பேராயர் தடை விதித்தார். அந்த ஜூன் மாதம், பேராயரின் அதிகாரியான ஆர்கோ பிரபு அவரைப் பின்னால் உதைத்து வெளியேற்றியதோடு அந்த வேலை முடிந்தது. சங்கப் புலவர் பெருஞ்சித்திரனார், அதியமான் தம்மை நேரில் பாராமல் பரிசில் கொடுத்தனுப்பியபோது, தாம் வாணிகப் பரிசிலன் அல்லன் என்று மறுத்ததும், தினையளவே ஆனாலும் தகுதி அறிந்து கொடுத்தால்தான் இனிது என்று சொன்னதும் புறநானூற்றில் இருக்கின்றன. தமிழ் வாசகர்களுக்கு மோட்சார்ட்டின் கோபம் புதிதாகத் தோன்றாது.

உதையோடு வெளியேறியவர் சந்தா முறையில் இறங்கினார். 1784 மார்ச்சில் டிராட்னர் மாளிகையில் மூன்று கச்சேரிகளுக்குச் சேர்த்து ஆளுக்கு 6 புளோரின் சந்தா. சேர்ந்தவர்கள் 174 பேர். அவர்கள் பெயர்ப் பட்டியலைத் தந்தைக்கு அனுப்பிவைத்ததில் மகனின் பெருமிதம் தெரிகிறது. பெருக்கிப் பார்த்தால் 1,044 புளோரின். செலவு போக என்ன மிஞ்சியிருந்தாலும், இரண்டாண்டுச் சம்பளத்துக்கு மேற்பட்ட தொகை மூன்று மாலைகளில் வசூலாகியிருக்கிறது. சந்தாதாரர்கள் கேட்க விரும்பியது மோட்சார்ட் தாமே பியானோ வாசிப்பதை. அதுவும் ஒவ்வொரு பருவத்திலும் புதிய உருப்படியோடு. ஆகவே 1784 தொடக்கம் முதல் 1786 முடிவு வரை பன்னிரண்டு பியானோ கான்செர்ட்டோக்கள், அதாவது பியானோவை முன்னிறுத்தி இசைக்குழுவோடு வாசிக்கும் உருப்படிகள், பிறந்தன. அந்த வடிவத்தில் உலகம் இன்றும் தலையாயவையாக வைத்திருப்பவை அவற்றில் அடங்கும். அதன் பிறகு இறக்கும் வரையிலான ஐந்தாண்டுகளில் அவர் முடித்தவை இரண்டே. திறமை வற்றிவிடவில்லை, தோன் ஜியோவானி என்ற இசை நாடகமும் கடைசி மூன்று சிம்பனிகளும் அந்த ஐந்தாண்டுகளில் வந்தவைதான். வற்றிப்போனது சந்தா. 1788இல் ஆஸ்திரியா துருக்கியோடு போரில் இறங்கியது. பிரபுக்கள் பலர் வியன்னாவை விட்டு அகன்றார்கள். 1789 கோடையில் அவர் மறுபடியும் சந்தாப் பட்டியல் ஒன்றைச் சுற்றுக்கு விட்டபோது, இரண்டு வாரம் கழித்து அதில் இருந்தது வான் ஸ்வீட்டன் என்ற ஒரே பெயர். எந்த வடிவில் பணம் வருகிறதோ அந்த வடிவில்தான் இசை வரும் என்று நான் சட்டமாகச் சொல்லவில்லை. ஆனால் பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் உள்ள இடைவெளியை வேறு எந்தக் காரணமும் இவ்வளவு பொருத்தமாக விளக்குவதாக எனக்குத் தெரியவில்லை.

பீத்தோவனுக்குக் கிடைத்தது மூன்றாவது ஓர் ஏற்பாடு. காகிதத்தில் படித்தால் எல்லாவற்றிலும் சிறந்தது. 1809இல் நெப்போலியனின் தம்பி ஜெரோம் அவரைத் தம் காசல் அரசவைக்கு அழைத்தபோது, வியன்னா பிரபுக்கள் மூவர் சேர்ந்து ஆண்டுக்கு 4,000 புளோரின் தருவதாக எழுதிக் கொடுத்தார்கள். கின்ஸ்கி 1,800, அரச குடும்பத்து ருடால்ப் 1,500, லோப்கோவிட்ஸ் 700. பதிலுக்கு அவர் எதையும் எழுதித் தர வேண்டியதில்லை; ஆஸ்திரிய நாட்டை விட்டுப் போகக்கூடாது என்பதுதான் முக்கிய நிபந்தனை. வெள்ளைக் காலுறையிலிருந்து இந்த இடத்துக்கு வர 48 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

ஆனால் தொகை காகிதப் பணத்தில் இருந்தது. 1811இல் போர்ச் செலவால் நொடித்த ஆஸ்திரிய அரசு வங்கித் தாள்களின் மதிப்பை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்தது. அதே ஆண்டில் லோப்கோவிட்ஸ் கடனில் மூழ்கிப் பணத்தை நிறுத்தினார். 1812 நவம்பரில் கின்ஸ்கி குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். பீத்தோவன் வாரிசுகளோடு வழக்காடி, 1815இல்தான் ஒரு தீர்வுக்கு வந்தார். ருடால்ப் மட்டும் கடைசிவரை சொல் தவறவில்லை. அவர் பீத்தோவனின் மாணவரும்கூட. அவர் பேராயராகப் பதவியேற்கும் விழாவுக்கென்று பீத்தோவன் தொடங்கிய பெருந்திருப்பலி இசை, விழா நடந்த 1820ஐத் தாண்டி 1823இல்தான் முடிந்தது. கிர்லாந்தையோவாக இருந்திருந்தால் 15 புளோரின் தண்டம்! பீத்தோவனிடம் யாரும் தண்டம் கேட்கவில்லை. அந்த மூன்றாண்டுத் தாமதத்தைப் பொறுத்துக்கொண்டதைத்தான் ருடால்ப் கொடுத்தவற்றுள் பெரியதாக நான் கருதுகிறேன்.

காகிதப் பணத்தின் இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு எனக்கு நினைவுக்கு வருகிறது. இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டுக் கணக்கோடு, தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயிலில் ஆடிப் பாடிய பெண்கள், நானூறு பேரின் பெயரும், அவர்கள் இருந்த தெருவும், வீட்டு எண்ணும் அதில் வெட்டப்பட்டிருக்கின்றன. ஒருவருக்கு ஒரு வீடும் ஒரு பங்கும். ஒரு பங்கு என்பது ஒரு வேலி நிலத்திலிருந்து வரும் நூறு கலம் நெல். பங்கு பெற்றவர் இறந்தால் அடுத்த உறவினர் அந்தக் காணியைப் பெற்று அந்தப் பணியைச் செய்ய வேண்டும், அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியானவரைத் தேடி அமர்த்த வேண்டும் என்றும் விதி இருக்கிறது. நாணயம் தேய்ந்தாலும் நெல் தேயாது. புரவலர் குதிரையிலிருந்து விழுந்தாலும் வயல் விளையும். எட்டு நூற்றாண்டு கழித்து வியன்னாவில் மூன்று பிரபுக்களின் வழக்கறிஞர்களுக்குத் தோன்றாத யோசனை இது. இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்த நானூறு பேரும் சோழநாட்டின் பல தளிகளிலிருந்து (கோயில்களிலிருந்து) அரசாணையால் கொண்டுவந்து ஏற்றப்பட்டவர்கள். எஸ்டர்ஹாசி ஒப்பந்தம் எவ்வளவு கடுமையானதாக இருந்தாலும் ஹைடன் அதில் கையெழுத்துப் போட்டார். தஞ்சைக் கல்லில் அப்படி யாருடைய ஒப்புதலும் இல்லை.

புரவலர்களே இல்லாமல் பெருங்கலை பிறந்ததுண்டா என்ற பகுதிக்கு 17ஆம் நூற்றாண்டு ஹாலந்தைத்தான் காட்ட வேண்டும். கால்வினிய (சீர்திருத்தக் கிறிஸ்தவ) ஆலயங்கள் பீட ஓவியங்களை ஒதுக்கிவிட்டன. வாங்கிக் குவிக்கும் பெரிய அரசவையும் இல்லை. ஓவியர்கள் முகம் தெரியாத வாடிக்கையாளருக்காக வரைந்து, கடையிலும் ஏலத்திலும் குலுக்கலிலும் விற்றார்கள். கசாப்புக் கடைக்காரரும் கொல்லரும்கூடப் படம் மாட்டி வைத்திருப்பதை 1640இல் அங்கு சென்ற ஆங்கிலப் பயணி பீட்டர் மண்டி வியந்து எழுதியிருக்கிறார். சிறிய வீட்டுச் சுவருக்கு ஏற்ற அளவு, எளிதில் விற்கும் பொருள் என்ற தேவைகளிலிருந்துதான் நிலக்காட்சி, கடற்காட்சி, பூச்சாடி, அடுக்களைக் காட்சி என்று ஓவிய வகைகள் பிரிந்து செழித்தன. ஆகவே சந்தையில் கலை அழியும் என்ற வாதம் ஹாலந்தில் நிற்காது.

ஆனால் டெல்ப்ட் நகரத்து ஓவியர் வெர்மீர் அந்தச் சந்தையில் எப்படி வாழ்ந்தார் என்று பார்த்தால் இன்னொன்று தெரிகிறது. ஆண்டுக்கு இரண்டு மூன்று படங்கள் மட்டுமே வரைந்த அவர், அதே விலையுயர்ந்த லாபிஸ் நீலத்தை நிழல்களுக்கு அடியில்கூடப் பூசினார். திறந்த சந்தையை மட்டும் நம்பியவரால் அது முடியாது. அவருடைய படங்களில் பாதிக்கு மேல் பீட்டர் வான் ரைவன், மரியா தம்பதியின் வீட்டில் சேர்ந்திருந்ததாகத் தெரிகிறது. அவர்களுடைய மருமகன் இறந்தபின் 1696இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த ஏலத்தில் 21 வெர்மீர்கள் வந்தன. சந்தைக்குள்ளேயே சத்தமில்லாமல் ஒரு புரவலர் குடும்பம் இருந்திருக்கிறது. 1663இல் மொன்கொனி என்ற பிரெஞ்சுப் பயணி வெர்மீரைத் தேடிப் போனபோது, காட்ட ஒரு படம்கூட அவரிடம் இல்லை; ஒரு ரொட்டிக்காரர் வீட்டில்தான் பார்க்கக் கிடைத்தது. அதற்கு 600 லீவர் கொடுத்ததாக ரொட்டிக்காரர் சொன்னபோது, அதில் ஒரு சிறு பகுதிகூடப் பெறாது என்று பயணி நினைத்துக்கொண்டார்.

1672இல் பிரான்சு படையெடுத்ததும் ஓவியச் சந்தை சரிந்தது. 1675இல் கடனோடு வெர்மீர் இறந்தார். அடுத்த ஜனவரியில் அவருடைய மனைவி, ரொட்டி வாங்கிய வகையில் 617 கில்டர் பாக்கிக்காக, வான் பாய்ட்டன் என்ற ரொட்டிக்காரரிடம் கணவரின் படங்கள் இரண்டைக் கொடுத்தார். ஆண்டுக்கு 50 கில்டராகக் கடனை அடைத்துவந்தால் படங்களைத் திருப்பித் தந்துவிடுவதாக ரொட்டிக்காரரும் எழுதிக் கொடுத்தார்.